இரண்டு சாய்கோடுகளுக்குக் கீழே

மார்ச் 4

தம்பிக்கு,

கையில் காகிதத்தை வைத்துக்கொண்டு ஒருவர் சொல்வதை நம்புவதா, அதே ஆள் காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துவிட்டுச் சொல்வதை நம்புவதா? எனக்குத் தெரியவில்லை. மொழியியல் படித்துவிட்டு, இருபத்துமூன்று வருஷமாகச் சட்டப் பேரவையின் நடுவில் மேஜை போட்டு உட்கார்ந்து, பேசுகிறவர்கள் பேச்சைச் சுருக்கெழுத்தில் எடுக்கிறவளுக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

தெரிந்தது இவ்வளவுதான். காகிதத்தைப் பார்த்துப் பேசும்போது யாரும் எதையும் செய்வதில்லை. எல்லாம் தானாகப் பரிசீலிக்கப்படும், மேற்கொள்ளப்படும், உறுதிசெய்யப்படும். காகிதம் இறங்கியதும் 'நான்' வருகிறது, 'வந்து' வருகிறது, 'பாருங்க' வருகிறது, பாதியில் விட்ட வாக்கியங்கள் வருகின்றன. நீ பேச்சு எழுதிக் கொடுக்கும் அமைச்சர் காகிதத்தோடு இருந்தால் ஒரு வாக்கியத்துக்குப் பதினெட்டுச் சொல். இல்லாவிட்டால் ஆறு. எண்ணிப் பார்த்திருக்கிறேன். எது நிஜம் என்று எண்ணிக்கை சொல்வதில்லை.

போன வியாழக்கிழமை போனில் நடந்ததைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். பிப்ரவரி 11ஆம் தேதி, பழைய ஆலைக் குடியிருப்பைக் காலி செய்வது பற்றிய விவாதம். அச்சாகிவிட்ட அவைக் குறிப்பில் அமைச்சர் பேசியதில் ஒரு சொல் என்று நீ ஆரம்பித்தபோதே எனக்குப் புரிந்துவிட்டது. அந்தக் குறிப்பில் அவர் சொந்தமாகச் சொன்னதாக இருப்பது ஒரே வாக்கியம்: "மாற்று இடம் தராமல் காலி செய்யச் சொல்வது குறித்து நான் பார்க்கிறேன்." அந்தப் 'பார்க்கிறேன்'கூட உங்கள் துறைக்கு இடைஞ்சலா? அதனால்தான், "மாத்தணும், அதானே? ஒருத்தர் சொன்னத சொல்லாததா ஆக்குறது ஒன் வேலையா இருக்கலாம், என் வேலை இல்ல" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன்.

வைத்த விதம் தவறு. மறுத்தது தவறில்லை.

நீ மறுபடி அழைக்கவில்லை. நான் அழைத்தால் எடுக்கவும் இல்லை. "ரெண்டு பேரும் பேப்பர்ல சண்டை போட்டுக்கோங்க, எனக்கு சீரியல் கேக்கும்" என்கிறார் அம்மா. அதனால் எழுதுகிறேன்.

அக்கா


மார்ச் 9

அக்கா,

நீ முடித்த வாக்கியம் என்னுடையது இல்லை.

நான் 'மா' வரைக்கும் வந்தேன். நீ 'மாத்தணும்' என்றாய். நான் சொல்ல வந்தது 'மாறிப்போச்சு'. அந்த இரண்டுக்கும் நடுவில் எனக்கு ஒரு பத்து விநாடி வேண்டியிருந்தது. போனில் எனக்கு 'ப'வும் 'ம'வும் எப்படி வரும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. நம் வீட்டில் மாமா, சித்தி, பக்கத்து வீட்டு டைப்பிஸ்ட் வரைக்கும் என் வாக்கியத்தை எடுத்து முடித்துவைப்பார்கள். நீ ஒருத்திதான் கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பாய். நாற்பது வருஷத்தில் முதல் தடவையாக அன்றைக்கு நீயும் முடித்தாய். அதற்குத்தான் போனை எடுக்கவில்லை. மற்றபடி நீ திட்டியது எனக்குப் பழக்கமானதுதான்.

இனி விஷயம். பேசத் திக்குகிறவன் ஊருக்கெல்லாம் பேச்சு எழுதிக் கொடுக்கிறான் என்று நீ கிண்டல் செய்வாய் அல்லவா, அந்தத் தொழிலின் ஒரு ரகசியத்தைச் சொல்கிறேன். என் உரைகளில் சில இடத்தில் இரண்டு சாய்கோடு இருக்கும். அதற்கு அர்த்தம்: காகிதத்தை மடி, தலையைத் தூக்கு, கீழே இருக்கும் வரியைச் சொந்தமாகத் தோன்றியதுபோல் சொல். ஆமாம், மந்திரி மனம்விட்டுப் பேசுகிறார் என்று பத்திரிகைக்காரர்கள் எழுதுவதும் என் கைங்கரியம்தான். நீ ஆறு சொல் என்று எண்ணினாயே, அதையும் நான்தான் எண்ணி வைத்தேன்.

பிப்ரவரி 11க்கு நான் எழுதிய உரையின் கடைசியிலும் இரண்டு சாய்கோடு. கீழே: "மாற்று இடம் தராமல் காலி செய்யச் சொல்வது குறித்து நான் பார்க்கிறேன்." துறைச் செயலர் கேட்டு வாங்கிய வரி. கேட்டால் இதமாக இருக்க வேண்டும், எதற்கும் கட்டுப்படுத்தக் கூடாது.

மந்திரி மடித்தார். தலையைத் தூக்கினார். எதிரே பார்வையாளர் மாடத்தில் குடியிருப்புக்காரர்கள். முதல் வரிசையில் ஒரு தையல்காரம்மா, கழுத்தில் அளவு நாடாவோடு. தைத்துக்கொண்டிருந்த இடத்திலிருந்து எழுந்து வந்தவர் கழற்ற மறந்துவிட்டார் போல. மந்திரி அவரைப் பார்த்தார். மைக்கை விட்டு அந்தப் பக்கமாகத் திரும்பினார். அவர் சொன்னது இது: "வேற எடம் குடுக்காம காலி பண்ணச் சொன்னா... அத நான் பாத்துக்கறேம்மா."

நான் அதிகாரிகள் வரிசையில் இருந்தேன். என் காதால் கேட்டேன்.

இப்போது அறுபத்துநான்கு குடும்பத்துக்கும் மார்ச் 31க்குள் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ். அமைச்சர் வாக்குக் கொடுத்தாரே என்று அவர்கள் மனுப் போட்டார்கள். துறை உன் அச்சுப் பக்கத்தை நகலெடுத்து அனுப்பிவிட்டது: அவர் 'பார்க்கிறேன்' என்று மட்டுமே கூறினார், பார்க்கப்பட்டது, வேறு இடமில்லை. தையல்காரம்மா அதை எடுத்துக்கொண்டு தினமும் தொகுதி அலுவலகத்துக்கு வருகிறார். நேற்று என்னிடம் சொன்னார்: "பாக்கறேன்னு சொல்றவங்கள நானும் அம்பது வருஷமா பாத்துட்டிருக்கேன் சார். இவரு பாத்துக்கறேன்னாரு. எனக்கு வித்தியாசம் தெரியாதா?"

குடியிருப்புக்குப் போய்ப் பார்த்தேன். ஓர் அறை, ஒரு சமையல் மூலை, இரண்டு வாசலுக்கு ஒரு குழாய். பாதி வீடுகளில் சாமான் மூட்டை கட்டியாகிவிட்டது. தையல்காரம்மா மட்டும் தையல் மெஷினைத் தரையில் போல்ட் போட்டு இறுக்கியிருக்கிறார். போன வாரம் போட்ட போல்ட்.

உன் நோட்டுப்புத்தகத்தைப் பார். அதிலும் 'பார்க்கிறேன்' என்றே இருந்தால் வாயை மூடிக்கொள்கிறேன். அது எனக்குச் சுலபம்தான்.

தம்பி


மார்ச் 14

தம்பிக்கு,

பார்த்தேன்.

முதலில் ஒலிப்பதிவைக் கேட்டேன். உன்னை நம்பவில்லை என்பதால் அல்ல என்று எழுத வந்தேன்; இல்லை, நம்பவில்லை என்பதால்தான். எழுதும்போதாவது உண்மையைச் சொல்கிறேன். பதிவில் "அத நான் பா" வரைக்கும் இருக்கிறது. பிறகு ஒரு நாற்காலி இழுபடுகிறது, யாரோ இருமுகிறார்கள். காகிதத்தைப் படிக்கிறவர்கள் மைக்கை விட்டு அசைவதில்லை. சொந்தமாகப் பேச ஆரம்பித்ததும் மனிதர்கள் பக்கம் திரும்பிவிடுகிறார்கள். இருபத்துமூன்று வருஷத்தில் சொந்தப் பேச்சு எவ்வளவு அப்படிப் போயிருக்கும் என்று யோசித்துக்கொண்டே கீழ்த்தளத்துப் பதிவறைக்குப் போனேன்.

என் நோட்டுப்புத்தகங்கள் எண் போட்டு அட்டைப்பெட்டியில் இருக்கின்றன. இந்த வருஷத்தின் மூன்றாவது நோட்டு, நாற்பத்தோராம் பக்கம், கீழிருந்து நான்காவது வரி. 'பாக்கறேன்' என்பதற்கும் 'பாத்துக்கறேன்' என்பதற்கும் சுருக்கெழுத்தில் ஒரு சின்னக் கொக்கிதான் வித்தியாசம். கொக்கி இருக்கிறது. அழுத்தமாக இருக்கிறது. 'குறித்து' என்ற சொல் அந்தப் பக்கத்திலேயே இல்லை.

எப்படி நடந்தது என்பதும் தெரிந்துவிட்டது. உரையின் நகலை முன்கூட்டியே எங்கள் மேஜையில் வைத்துவிடுவார்கள். தட்டச்சு செய்யும்போது இடது பக்கம் நகல், வலது பக்கம் நோட்டு. பேச்சு நடையை எழுத்து நடைக்கு மாற்றுவது எங்கள் விதி. 'வந்துட்டாங்க' என்றால் 'வந்துவிட்டார்கள்'. கடைசி வரிக்கு வரும்போது, எழுத்து நடையில் அந்த வாக்கியம் இடது பக்கம் தயாராக இருந்தது. உன் வாக்கியம். கண் அங்கே போய்விட்டது. உன் சாய்கோட்டை ஏதோ அச்சுக் குறி என்று நினைத்துத் தாண்டியிருக்கிறேன்.

இது கண்ணின் பிழை என்று சொல்லித் தப்பிக்கலாம். கொக்கியை நான் கவனிக்கவே இல்லை என்பது சரியல்ல என்று நினைக்கிறேன். இந்த மனிதர் அப்படியெல்லாம் வாக்குக் கொடுக்கிற ஆள் இல்லை என்று எனக்குள் ஒருத்தி ஏற்கெனவே முடிவு செய்து வைத்திருந்தாள். அவர் சொல்வது எங்கே போய் முடியும் என்று தெரிந்தவள் மாதிரி நானே முடித்துவிட்டேன். இரண்டு வாரம் கழித்து உன்னுடையதையும் முடித்தேன். உனக்காகக் காத்திருந்தவள் என்று நாற்பது வருஷமாக எனக்குள் ஒரு பெருமை இருந்தது. அதைப் பற்றி இனி வாய் திறக்க மாட்டேன்.

பேரவைச் செயலாளரிடம் எழுத்தில் கொடுத்துவிட்டேன். பிழை என்னுடையது, நோட்டின் பக்கம் இன்னது, திருத்தம் இன்னது. இருபத்துமூன்று வருஷத்தில் இதுதான் முதல் பிழையா என்று கேட்டார். கண்டுபிடிக்கப்பட்ட முதல் பிழை என்றேன். அவர் சிரிக்கவில்லை. அச்சான பிறகு திருத்துவதென்றால் அவையில் வாசிக்க வேண்டும், பேசியவர் மறுக்கலாம், மறுத்தால் அவர் சொல்தான் நிற்கும். மார்ச் 24 தேதி கொடுத்திருக்கிறார்.

இன்னொன்றும் கேட்டார்: யார் சுட்டிக்காட்டினார்கள் என்று. நாளை சொல்வதாகச் சொல்லியிருந்தேன். அந்த நாளை போய் இரண்டு நாளாகிறது. உன் வேலை போய்விடுமோ என்பதுதான் யோசனை. நீ சொல்.

அக்கா


மார்ச் 18

அக்கா,

சொல். "என் தம்பி" என்று சொல். நீ பொய் சொன்னால் உனக்குக் காது சிவந்துவிடும், அவர் கண்டுபிடித்துவிடுவார்.

இங்கே விஷயம் ஏற்கெனவே வந்துவிட்டது. செவ்வாய்க்கிழமை காரில் போய்க்கொண்டிருந்தோம். முன் சீட்டில் துறைச் செயலர், பின்னால் நானும் மந்திரியும். திடீரென்று மந்திரி கேட்டார்: "அன்னிக்கு நான் என்னய்யா சொன்னேன்?" முன் சீட்டிலிருந்து உடனே வந்தது, "பார்க்கிறேன்னு சொன்னீங்க சார்." மந்திரி என்னைப் பார்த்தார். எனக்கு 'பா' வந்தது. அதோடு நின்றது. இரண்டு சொல்லுக்குமே அதுதான் ஆரம்பம் என்பதால் நான் எந்தக் கட்சி என்று அவருக்குத் தெரிய வாய்ப்பில்லை. அவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவருக்கு நிஜமாகவே நினைவில்லையா, அல்லது யாராவது சொல்லட்டும் என்று கேட்டாரா? தெரியவில்லை. பதினோரு வருஷம் அவர் வாய்க்கு எழுதியிருக்கிறேன், தெரியவில்லை.

24ஆம் தேதிக்கான பதிலை என்னையே எழுதச் சொல்லிவிட்டார்கள். மறுப்பு. செயலர் சொல்லச் சொல்ல எழுதினேன். "பார்க்கிறேன் என்ற பொருளிலேயே எனது கருத்து தெரிவிக்கப்பட்டது என்பது தெளிவுபடுத்தப்படுகிறது." உனக்குப் பிடித்த வாக்கியம். செய்தவர் யாரென்று கடவுளுக்கே தெரியாது. எழுத மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். வேறு ஒருவர் எழுதியிருப்பார், அவ்வளவுதான்.

முடிவில் வழக்கம்போல இரண்டு சாய்கோடு போட்டேன். மடிக்க வேண்டிய இடம். அதற்குக் கீழே ஒன்றும் எழுதவில்லை. செயலர் கவனிக்கவில்லை, அவருக்கும் அது அச்சுக் குறிதான்.

மந்திரி கோட்டுக்கு மேலே உள்ளதை வாசித்ததோடு உட்கார்ந்துவிடலாம். உட்கார்ந்தால் அறுபத்துநான்கு வீடும் காலி. இதற்கு மேல் எனக்குத் தைரியம் இல்லை அக்கா. இருக்கிற தைரியத்தை இப்படித்தான் வைக்கத் தெரிந்தது.

நீ கீழ்த்தளத்துக்குப் போய்ப் பார்த்தாயே. அந்தக் கொக்கி இல்லை என்று நீ ஒரு வரி எழுதியிருந்தால் முடிந்திருக்கும், யாரும் பெட்டியைத் திறந்திருக்க மாட்டார்கள். தையல்காரம்மாவிடம் சொன்னேன், எங்க அக்கா பார்த்துவிட்டாள், எழுதியிருக்கிறதாம் என்று. "அவங்க பாத்தாங்களா, பாத்துக்குவாங்களா?" என்று கேட்டார். சிரித்துவிட்டேன். ரொம்ப நாள் ஆயிற்று அலுவலகத்தில் சிரித்து.

தம்பி


மார்ச் 23

தம்பிக்கு,

நாளைக் காலை பத்தரைக்குத் திருத்தம் எடுத்துக்கொள்ளப்படும். இந்தக் கடிதத்தை இன்று எழுதி, நாளை நடப்பதையும் சேர்த்துத் தபாலில் போடுகிறேன்.

இன்று சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. நம் வீட்டில் யாரும் யாருக்கும் நன்றி சொன்னதில்லை. அம்மாவிடம் போய் நன்றி என்று சொன்னால் காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார். அது மேடைச் சொல். வரவேற்புரைக்கும் நன்றியுரைக்கும் நடுவில் உயிர் வாழ்கிற சொல் என்று நானே வகுப்புத் தோழிகளிடம் கேலி செய்திருக்கிறேன். காகிதத்தைப் பார்த்துச் சொல்வதெல்லாம் கொஞ்சம் பொய் என்ற என் அபிப்பிராயமும் அங்கிருந்துதான் வந்திருக்க வேண்டும்.

இந்த மூன்று வாரத்தில் அது அசைந்துவிட்டது. போனில், முன்தயாரிப்பு இல்லாமல், மனதில் பட்டதைச் சொன்னேன், அது அபாண்டம். நீ காகிதத்தில், அடித்துத் திருத்தி, 'வித்தியாச'த்துக்கு ஒரு கால் விட்டுப்போய், எழுதியதெல்லாம் நிஜம். யோசித்து எழுதினால்தான் சிலருக்கு உண்மை வாய்க்கிறது. உனக்கு அப்படி. எனக்கும் அப்படித்தான் போலிருக்கிறது. ஆகவே காகிதத்திலேயே சொல்கிறேன். நன்றி. என் பிழையைப் பிழை என்று எனக்கே சொன்னதற்கு. நான் போனை வைத்த பிறகும் எழுதியதற்கு. உன் மேஜையில் நீ போட்ட அந்த இரண்டு கோட்டுக்கும்.

பேரவைச் செயலாளரிடம் "என் தம்பி" என்று சொல்லிவிட்டேன். குறித்துக்கொண்டார்.

பாதி வீட்டு மூட்டைகள் அவிழ வேண்டும் என்று மனதார நினைக்கிறேன். நடக்கும் என்று நினைக்கவில்லை. என்னைத் தெரியும் உனக்கு.


மார்ச் 24, மாலை

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

பத்து முப்பத்தைந்துக்குச் சபாநாயகர் என் திருத்தத்தை வாசித்தார். மாடத்தில் முப்பது பேர்போல இருந்தார்கள். தையல்காரம்மாவைப் பார்த்ததும் தெரிந்துகொண்டேன். இன்றும் நாடா கழுத்தில். மறதி இல்லை, வேண்டுமென்றே போட்டு வருகிறார் என்று நினைக்கிறேன்.

அமைச்சர் எழுந்து நீ எழுதியதை வாசித்தார். "தெளிவுபடுத்தப்படுகிறது" வரைக்கும் ஒரு சொல் பிசகவில்லை. நகல் என் இடது பக்கம் இருந்தது. அதை முன்பே குப்புறக் கவிழ்த்துவிட்டேன்.

அவர் அதோடு உட்கார்ந்திருக்கலாம். உட்காரவில்லை. பழக்கம், மடிக்க வேண்டிய இடம் வந்ததும் கை மடித்துவிட்டது. தலையைத் தூக்கினார். "அன்னிக்கு நான் வந்து" என்று ஆரம்பித்தார். பிறகு ஒன்றும் இல்லை. மடித்த காகிதத்தை அரையளவு திறந்து பார்த்தார். மூடினார்.

சுவர்க் கடிகாரத்தில் பதினோரு விநாடி. பக்கத்து இருக்கை அமைச்சர் மெல்ல "பார்க்கிறேன்னு" என்று எடுத்துக் கொடுத்தார். நம் அமைச்சர் அவர் பக்கம் பார்க்காமலே உள்ளங்கையைக் காட்டி நிறுத்தினார். என் பேனா தாளிலிருந்து ஒரு விரற்கடை மேலே நின்றது. நான் எதையும் நினைக்காமல் இருந்தேன். உனக்காக அப்படி இருந்த பழக்கம் கொஞ்சம் மிச்சம் இருந்தது.

அவர் மாடத்தைப் பார்த்துச் சொன்னார்: "பாத்துக்கறேன்னு சொன்னேன். சொன்னேன்ல? அப்ப பாத்துக்கணும்."

உட்கார்ந்துவிட்டார். அதிகாரிகள் வரிசையில் துறைச் செயலர் எதையோ குனிந்து தேடிக்கொண்டிருந்தார்.

தட்டச்சு செய்யும்போது பக்கத்து மேஜைத் தோழி, "இத எப்படிக்கா எழுத்து நடைக்குக் கொண்டுவர்றது?" என்று கேட்டாள். இப்படிக் கொண்டுவந்தேன்: "பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னேன். சொன்னேன் அல்லவா? அப்படியென்றால் பார்த்துக்கொள்ள வேண்டும்." நோட்டை மூன்று தடவை ஒப்பிட்டேன். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. பதினோரு விநாடிக்கு எங்களிடம் குறி கிடையாது.

மூன்று மணிக்குத் துறையிலிருந்து ஒரு தாள் வந்தது. மாற்று இடம் ஒதுக்கப்படும் வரை நோட்டீஸ் நிறுத்தி வைக்கப்படுகிறது. யார் நிறுத்தினார் என்று அதில் இல்லை. ஒதுக்குவது யார் என்றும் இல்லை. இந்த ஒரு முறை நான் குறைசொல்லவில்லை.

இடைவேளையில் அமைச்சர் என் மேஜை வழியாகப் போனார். மடித்த காகிதத்தை என் முன்னால் வைத்தார். இத்தனை வருஷத்தில் என்னிடம் பேசியது இதுதான் முதல் தடவை.

"ஒங்க தம்பி கீழ ஒண்ணுமே எழுதலியேம்மா. மறந்துட்டாரா?"

தெரியாதுங்க என்றேன். என் காது சிவந்திருக்க வேண்டும்.

"மறக்குற ஆள் இல்லையே அவரு" என்றார். கோபமா இல்லையா என்று குரலில் தெரியவில்லை. இரண்டடி போனவர் திரும்பினார். "திங்கக்கெழமைக்கும் பேச்சு வேணும். கோடு போட்டே எழுதச் சொல்லுங்க."

சொல்கிறேன் என்றேன். சொல்லிவிட்டேன்.

அக்கா